31ஆம் நாள் கல்வெட்டு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டி நடக்கும். எரித்த இடத்தில் எடுத்துவைத்த அஸ்தியைக் காலையில் கீரிமலைக் கடலில் கரைத்து, பக்கத்திலுள்ள நன்னீர்க் கேணியில் முழுகி, கிரியைகளை முடித்துக்கொண்டு உரித்தாளர்கள் வீடு திரும்புவார்கள். மதிய போசனத்துக்கு உற்றாரும் ஊராரும் கூடுவார்கள். சாப்பிட்டு விடைபெறும்போது ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவார திருவாசகம், அவரைப் பற்றிய பாடல்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்புவதாக அமைந்த செய்யுள்கள், கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. இந்த நூலுக்குக் கல்வெட்டு என்று பெயர். அண்மைக் காலத்தில் நினைவு மலர் என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஊர்ப்பேச்சில் இன்றும் ‘கல்வெட்டு அடிச்சாச்சா?’ என்றுதான் கேட்பார்கள்.

காகிதத்தில் அச்சானதைக் கல்வெட்டு என்பது ஈழத்துக்கு வெளியே உள்ள தமிழருக்குப் புதிதாக இருக்கும். ஈழத்தில் இச்சொல்லின் பொருள் நெடுங்காலத்துக்கு முன்பே கல்லை விட்டு நகர்ந்துவிட்டது. திருகோணமலைக் கோயிலின் வரலாற்றையும் அதன் தொழும்பாளர் கடமைகளையும் சொல்லும் பழைய நூலின் பெயர் கோணேசர் கல்வெட்டு. அது ஏட்டில் வழங்கியது. மட்டக்களப்பிலும் குடி வழமைகளைக் கூறும் செய்யுள்கள் கல்வெட்டு என்றே அழைக்கப்பட்டன. மாற்றக்கூடாத செய்தி, சாட்சியாக நிற்க வேண்டிய செய்தி, எதில் எழுதப்பட்டாலும் அது கல்வெட்டு. இறந்தவரின் பெயரையும் நாளையும் குலத்தையும் பதிவுசெய்யும் நூலுக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதும் இவ்வழியில்தான் என்று கொள்வது பொருத்தம்.

இறந்தவருக்குக் கல் நாட்டி எழுதிவைப்பது தமிழரின் பழைய வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று அதன் படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. அந்தக் கற்களில் அரசர்கள் காலக்கணக்குக்காகவே வருகிறார்கள். கல் நின்றது மேய்ச்சல் நிலத்தில் வாழ்ந்து ஆநிரைக்காக மாண்ட மனிதர்களுக்கு. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எழுப்பியது. அவனுடைய நாயும் அதே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல் பெயரோடு சொல்கிறது. 1,400 ஆண்டுக்கு முந்தைய ஒரு கால்நடைக்காரனைப் பற்றி நமக்குத் தெரிவது இவ்வளவே: யாருடைய ஆள், எதைக் காத்தான், கூட இருந்த நாய் எது. ஒரு வாழ்க்கையை நினைவில் நிறுத்த இதுவே போதும் என்று அந்தக் கல்லை நாட்டியவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நடுகல்லுக்கும் யாழ்ப்பாணத்துக் கல்வெட்டுக்கும் அறுபடாத தொடர்ச்சி உண்டு என்று சொல்ல ஆதாரமில்லை. இரண்டும் ஒரே தேவைக்குப் பிறந்தவை என்று மட்டும் சொல்லலாம்.

கல்வெட்டின் நேர் முன்னோடி இரங்கற்பா. புறநானூற்றுப் புலவர்கள் தம்மைப் புரந்த தலைவர் இறந்தபோது பாடியதைக் கையறுநிலை என்றது இலக்கணம். ஈழத்தில் அது சரமகவி என்ற பெயரில் தொடர்ந்தது. ஆனால் சரமகவி கிடைப்பது எளிதன்று. புலவராக இருக்க வேண்டும், அல்லது புலவருக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். 1879இல் ஆறுமுக நாவலர் மறைந்தபோது புலவர் பலர் பாடினார்கள். நாவலர் வாழ்ந்த அதே காலத்தில் பக்கத்து ஊர்த் தோட்டங்களில் இறைத்துக் கொத்தி வாழ்ந்து முடிந்த கமக்காரருக்கு யாரும் பாடவில்லை. இந்த எல்லையைத் தாண்ட வழி திறந்தது அச்சு. அமெரிக்க மிசனரிமாரின் அச்சகத்திலிருந்து 1841இல் உதயதாரகை வெளிவந்தது. 1849இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். 1889இல் இந்துசாதனம் தொடங்கியது. மதப் பிரசாரத்துக்காகவும் மறுபிரசாரத்துக்காகவும் வந்த அச்சுப்பொறிகள் பிறகு ஊர் தோறும் சிறிய அச்சகங்களாகப் பெருகின. கலியாண அழைப்பிதழும் கோயில் திருவிழா விஞ்ஞாபனமும் அடித்த அதே பொறியில், ஒரு வீட்டாருக்கு மட்டுமே பெரியவராக இருந்த மனிதரின் கல்வெட்டையும் அடிக்க முடிந்தது.

கல்வெட்டின் உயிர்நாடி திதி வெண்பா. சைவக் குடும்பத்தில் ஆண்டுத் திவசம் ஆங்கிலத் தேதியில் வராது. இறந்த மாதம், பூர்வ பக்கமா அபர பக்கமா, எந்தத் திதி என்பதைக் கொண்டு அடுத்த ஆண்டு நாள் குறிக்க வேண்டும். கணக்கை மறந்தால் கடன் தவறும். அதனால் அறுபதாண்டுச் சுற்றில் வரும் ஆண்டின் பெயர், மாதம், பக்கம், திதி, இறந்தவரின் பெயர் ஆகிய ஐந்தையும் நான்கு அடிக்குள் அடக்கி, சிவபதம் சேர்ந்தார் என்று முடியும் ஒரு வெண்பா எழுதப்பட்டது. ஈற்றடி முச்சீராக வர வேண்டும், தளை தட்டக்கூடாது, செய்தியும் பிழைக்கக்கூடாது. சிறிய வேலை போலத் தெரியும், தேர்ந்த கைக்கே வாய்க்கும். அடியார்களுக்கும் குருமாருக்கும் மறைந்த மாதத்து நட்சத்திரத்தைக் கொண்டு குருபூசை செய்வார்கள். நாவலருக்குக் கார்த்திகை மகம். இல்லறத்தானுக்குத் திதி. ஆகவே திதி வெண்பா என்பது குடும்பஸ்தனின் பாட்டு. பிள்ளைகள் அதைச் சட்டம் போட்டுப் படத்தின் கீழே மாட்டினார்கள். எழுத்து அதிகம் வாசியாத வீட்டிலும் அந்த நான்கு அடி மனப்பாடமாக இருக்கும்.

வெண்பாவைச் சுற்றி மற்றப் பகுதிகள் வளர்ந்தன. முதலில் பிள்ளையார் துதி. பிறகு பஞ்சபுராணம், சில நூல்களில் சிவபுராணம் முழுவதும். அதன்பின் ஊரின் பெருமை, கோயிலின் பெருமை, குலத்தின் பெருமை என்று இறங்கி வந்து, இறந்தவரின் பிறப்பு, கல்வி, தொழில், கலியாணம், பிள்ளைகள் என்று விருத்தப்பாக்கள் போகும். சிலவற்றில் வம்சாவளி ஒரு மரமாக வரையப்பட்டிருக்கும். எவர் எவரைக் கலியாணம் செய்தார், எந்த ஊரிலிருந்து, பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் தலைமுறை தலைமுறையாக அதில் கிடைக்கும். மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போனவர், கொழும்பில் கிளார்க்காக இருந்தவர், வன்னியில் காணி வெட்டிக் குடியேறியவர் எல்லோரும் அங்கே ஒரு கிளையில் நிற்பார்கள். யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றை எழுத முனைபவருக்கு இந்த மரங்களைப் போலப் பயன்படும் சான்று குறைவு.

உறவுச் சொற்களையும் கவனிக்க வேண்டும். கல்வெட்டிலும் மரண அறிவித்தலிலும் ஒரு மனிதர் தனியாளாக வருவதில்லை. இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார், சகோதரர், மைத்துனர், சகலன், பேரன், பூட்டன் என்று வட்டம் வட்டமாக விரிந்துதான் அவர் யாரென்று தெரியவரும். யாழ்ப்பாண வழக்கில் பேரன் என்றால் பாட்டனார், பூட்டன் என்றால் பாட்டனாரின் தந்தை. தமிழ்நாட்டு வழக்கில் வாசிப்பவர் எண்பது வயதுக்காரரை எப்படிப் பேரன் என்கிறார்கள் என்று தடுமாறுவதுண்டு. முன்பே இறந்த உறவினரின் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் தவறாமல் வரும். அந்த ஒரு சொல்லால் அன்றைய நாளில் யார் இருந்தார், யார் இல்லை என்ற கணக்கு பிறகு தேடுபவருக்கு அப்படியே கிடைத்துவிடுகிறது.

புலம்பல் பகுதிதான் கல்வெட்டில் மனத்தை அதிகம் தொடுவது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று தனித்தனியே இருக்கும். செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே கட்டும் ஒப்பாரியிலிருந்து வந்த வடிவம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் வரும் வழியில் ஒன்று மாறிப்போனது. ஒப்பாரியைக் கட்டியவள் பெண். அவள் சொன்னது அந்த மனிதரோடு தான் வாழ்ந்த வாழ்க்கை. அச்சான மனைவி புலம்பலை எழுதியவரோ பெரும்பாலும் ஊர்ப்புலவர், இளைப்பாறிய தமிழாசிரியர், ஓர் ஆண். அறுசீர் விருத்தத்தில், உவமை அணிகளோடு, ‘மலை சாய்ந்ததே, நிழல் போனதே’ என்கிற தோரணையில் அந்த அழுகை வரும். ஒரே புலவர் பல வீடுகளுக்கு எழுதும்போது ஒரே உவமை பல விதவைகளின் வாயில் வந்துவிடுவதும் நேர்ந்தது. உண்மையான ஒப்பாரி முற்றத்தோடு கரைந்து போக, அதன் இடத்தில் நின்றது இந்த அளந்த அழுகை. கல்வெட்டு மரபின் பெரிய இழப்பு இதுவே.

அதே கல்வெட்டில் உரைநடையாக எழுதப்படும் பக்கங்கள் வேறு விதம். அங்கே பிள்ளைகளே எழுதுவார்கள். இலக்கணம் தெரியாததால் உவமைக்குப் போகமாட்டார்கள். அப்பு விடிய முன்னம் எழும்பித் தோட்டத்துக்குப் போனது, துலா மிதித்தது, எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனது என்று நடந்ததை எழுதுவார்கள். வெளியையே வீடாகக் கொண்டு வாழ்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் நினைவில் நிற்பது இத்தகைய வரிகளில்தான். யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் வாழ்க்கை கிணற்றைச் சுற்றியது. ஆறில்லாத நாடு. செம்மண்ணில் வெட்டிய கிணற்றிலிருந்து நீர் எடுத்தால்தான் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும். ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டை பிடித்து வாய்க்காலில் நீரைச் சரிப்பார். இருட்டோடு தொடங்கும் அந்த வேலைக்குத் தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து இறங்க வேண்டும். இயந்திரம் வரும்வரை ஒரு தோட்டத்தின் பரப்பளவைத் தீர்மானித்தது அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் துலாவில் ஏறக்கூடியவர்கள் என்பதே. ஆகவே அங்கே தோட்டத்து நினைவும் குடும்பத்து நினைவும் இரண்டாகப் பிரியாது.

உழைப்பு மட்டுமன்று, விளையாட்டும் வெட்டவெளியில்தான் நடந்தது. மாட்டுவண்டிச் சவாரி யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெரிய மோகம். சோடிக் காளைகளைத் தேர்ந்து வாங்கி, பிள்ளையைப் போல ஊட்டி வளர்த்து, சவாரித் திடலில் ஓடவிட்டு வென்றவரின் பெயர் ஊர்களைத் தாண்டிப் போகும். தைப்பொங்கலில் வல்வெட்டித்துறைக் கரையில் பட்டம் ஏற்றுபவர்கள், நிலா வெளிச்சத்தில் கிளித்தட்டு மறித்தவர்கள், கோயில் வீதியில் காவடி எடுத்தவர்கள் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் இருந்தார்கள். கல்வெட்டுச் செய்யுள் இவற்றுக்கு இடம் கொடுக்கத் தயங்கியது. அதற்கு வேண்டியது கொடை, பக்தி, குலப்பெருமை. சவாரிக்காரர் என்பதை விடக் கோயில் தர்மகர்த்தா என்பது விருத்தத்தில் நன்றாக உட்காரும். காளையின் பெயரைச் சொன்னது மகன் எழுதிய உரைநடை. எடுத்தனூர்க் கல்லில் நாயின் பெயரைச் செதுக்கியவனுக்குத் தெரிந்திருந்தது அந்த மகனுக்கும் தெரிந்திருந்தது.

அச்சகத்தைப் பொறுத்தவரை கல்வெட்டு அவசர வேலை. 31 நாள் என்பது மாறாத கெடு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தவுடன் குடும்பத்தில் ஒருவர் புலவரிடம் போவார். விவரம் சொல்லி, பாட்டு எழுதி வாங்கி, பெயர்கள் விடுபடாமல் மூத்தவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு மருமகனின் பெயர் தவறினால் அந்த மனக்கசப்பு பல ஆண்டுக்கு நிற்கும். பிறகு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, படத்துக்குப் புளொக் செய்வித்து, புரூவ் பார்த்து அடித்து மடித்துத் தைக்க வேண்டும். தமிழில் எழுத்துக்கோப்பவரின் பெட்டியில் அறைகள் அதிகம். விருத்தத்தின் நீண்ட அடிகள் சிறிய பக்கத்தில் அடங்காமல் மடங்கி விழும். பிழை திருத்தப் புலவர் அச்சகத்துக்கே வந்து உட்கார்வார். சிறிய அச்சகங்கள் பலவற்றுக்குக் கலியாணப் பருவம் முடிந்த மாதங்களில் சோறு போட்டது இந்த வேலைதான்.

எல்லா வீட்டுக்கும் கல்வெட்டு வாய்க்கவில்லை. புலவருக்கும் அச்சகத்துக்கும் கொடுக்கக் காசு வேண்டும், வரலாறு என்று எழுதிக்கொள்ளக் காணியோ உத்தியோகமோ வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. செத்த வீட்டில் பறை முழக்கியவர்கள், துணி விரித்துக் கொடுத்தவர்கள், சுடலையில் விறகு அடுக்கியவர்கள் இல்லாமல் எந்த இறுதிக்கிரியையும் நடந்ததில்லை. ஆனால் பழைய கல்வெட்டுகளில் அவர்களின் பெயர்கள் கிடையாது. ஆலயப் பிரவேசப் போராட்டங்களுக்கும் கல்வி பரவியதற்கும் பின்னரே ஒடுக்கப்பட்ட சமூகத்து வீடுகளிலிருந்தும் கல்வெட்டுகள் வரத் தொடங்கின. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்து, சிறு கமக்காரர் கையிலும் பணம் புரண்டது. கல்வெட்டு அடிக்கும் வீடுகள் கூடுவதற்கு அதுவும் உதவியிருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நினைவு அட்டைகளும் நூல்களும் உண்டு. கத்தோலிக்கர் 31ஆம் நாள் திருப்பலியைக் கடைப்பிடிப்பது இரு சமயத்தாரும் ஒரே முற்றத்தில் வாழ்ந்ததன் அடையாளம்.

கல்வெட்டு வருவது ஒருவர் இறந்து ஒரு மாதத்துக்குப் பின். இறந்த செய்தியைச் சொல்ல வேறு வழி வேண்டியிருந்தது. முன்பு ஆள் விட்டுச் சொல்வார்கள். பிறகு பத்திரிகைகள் அந்த வேலையை ஏற்றன. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் ஈழகேசரியும், பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து 1959இல் வந்த ஈழநாடும் மரண அறிவித்தலுக்கு இடம் கொடுத்தன. அவற்றை விட வேகமானது இலங்கை வானொலி. குறிப்பிட்ட நேரத்தில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும்போது வானொலிப் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் ஆட்கள் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, உறவுகளை அடுக்கி, மயானத்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லி, இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு முடியும். வன்னியிலும் மலையகத்திலும் இருந்த உறவினர் அதைக் கேட்டுத்தான் பஸ் ஏறினார்கள். கல்வெட்டின் உறவுப்பட்டியலைக் காதால் கேட்கும் வடிவமாக்கியது வானொலி. அதைக் கேட்டுப் பழகிய நடைதான் பிறகு கல்வெட்டின் முதற்பக்கத்திலும் பதிந்தது.

போர்க்காலம் இந்த வழக்கத்தை உலுக்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 1990க்குப் பின் மின்சாரம் இல்லை, அச்சுத்தாளுக்குத் தடை. பத்திரிகைகளே கொப்பித் தாளில் வந்த நாட்களில் கல்வெட்டு ஒற்றைத் தாளாகச் சுருங்கியது, பல வீடுகளில் வராமலே போனது. கீரிமலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால் அஸ்தி கரைக்க வேறு கரைகளைத் தேட வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தவர்கள், பெட்டியடியில் கிடந்த பழைய கல்வெட்டுகளை விட்டுவந்தார்கள். நூலகத்தில் எரிந்தவற்றுக்கு ஓரளவு பட்டியலாவது உண்டு. வீடுகளில் போனவற்றுக்கு அதுவும் கிடையாது.

வழக்கம் அழியவில்லை. டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும் குடியேறியவர்கள் 31ஆம் நாளை மண்டபங்களில் நடத்தி, பளபளப்பான வண்ணத் தாளில் மலர் அடித்தார்கள். செய்யுள் குறைந்து படங்கள் கூடின. பேரப்பிள்ளைகள் புலம்பல் இருந்த இடத்தில் அவர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிய கடிதங்கள் வந்தன. திருக்குறளும் மருத்துவக் குறிப்பும் சமையற் குறிப்பும் சேர்த்து, வாங்கியவர் எறிந்துவிடாமல் வீட்டில் வைத்திருக்கும் நூலாக்க முயன்றவர்களும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், புத்தகங்களோடும் பத்திரிகைகளோடும் நினைவு மலர்களையும் தேடி எடுத்து மின்வடிவில் சேர்த்துவருகிறது. ஊர்ப்பெயரைக் கொண்டு தேடினால் அவ்வூரில் வாழ்ந்து மறைந்த ஆசிரியர்களும் கமக்காரர்களும் கடைக்காரர்களும் இப்போது அங்கே கிடைக்கிறார்கள்.

திதி வெண்பா மட்டும் எங்கும் விடுபடவில்லை. டொரொன்டோவில் மறைந்தவருக்கு அவ்வூர் நேரத்துக்குத் திதி கணிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் நவமி பிறக்கும் நேரம் அங்கே மணிக்கணக்கில் முந்திய நாளாக இருக்கலாம். ஐயரிடம் கேட்டு, கணக்கைச் சரிபார்த்து, ஊரிலிருக்கும் ஒரு பழைய தமிழாசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லி, நான்கடி எழுதி வாங்கி, பனி மூடிய நகரத்து அச்சகத்தில் கொடுக்கிறார்கள். முதற்பக்கத்தில், படத்துக்குக் கீழே, அது அச்சாகிறது.